சுற்றறிக்கையும் உத்தரவும்: ஆகாய விமானப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு கதவு



1954ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஆகாய விமானம் ஒன்று, வழியில் பல நகரங்களில் இறங்கி ஏறி, 10ஆம் நாள் காலையில் ரோம் நகரை வந்தடைந்தது. அங்கிருந்து கிளம்பிய இருபது நிமிடங்களில், எல்பா தீவுக்கு அருகே, நடுவானில் உடைந்து கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். அந்த விமானத்தின் பெயர் காமெட். பிரிட்டனில் டி ஹாவிலண்ட் நிறுவனம் கட்டியது. 1952 மே 2ஆம் நாள், உலகிலேயே முதன்முறையாகக் கட்டணம் செலுத்திய பயணிகளை ஏற்றிக்கொண்டு இலண்டனிலிருந்து புறப்பட்ட ஜெட் விமானமும் இதே விமானந்தான். அன்று உலகமே வியந்து பார்த்த ஒன்று, இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் கடலின் அடியில் துண்டு துண்டாகக் கிடந்தது.

பிரிட்டிஷ் விமான நிறுவனம் தன்னிடமிருந்த காமெட் விமானங்களை உடனே தரையிறக்கியது. வல்லுநர்கள் கூடி ஆராய்ந்தார்கள். தீப்பிடித்திருக்குமோ? இயந்திரம் சிதறியிருக்குமோ? இறக்கைகள் அதிர்ந்திருக்குமோ? எது காரணம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே காரணமாக இருக்கக்கூடும் என்று தோன்றிய எல்லாவற்றுக்கும் பரிகாரமாக ஐம்பது, அறுபது மாற்றங்களைச் செய்து, மார்ச் 23ஆம் நாள் மீண்டும் பறக்க விட்டார்கள். பதினாறே நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 8ஆம் நாள், ரோமிலிருந்து கெய்ரோவுக்குச் சென்ற இன்னொரு காமெட் அதே விதமாக உடைந்து விழுந்தது. 21 பேர் இறந்தனர். அதற்குப் பிறகே அந்த வகை விமானத்தின் பறக்கும் தகுதிச் சான்றிதழ் திரும்பப் பெறப்பட்டது.

ஃபார்ன்பரோவில் இருந்த அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முழு காமெட்டின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்தார்கள். உடலுக்குள்ளும் நீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும், பறந்து இறங்குவது போன்ற பாவனையை இரவு பகலாகத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். காற்றுக்குப் பதில் நீரை நிரப்பியதற்குக் காரணம் உண்டு. காற்றழுத்தத்தில் வெடித்தால் வெடிகுண்டு போல எல்லாம் சிதறிவிடும். நீரில் வெடித்தால் விரிசல் எங்கே தொடங்கியது என்று கண்ணால் பார்க்கலாம். ஏற்கெனவே பறந்த பயணங்களையும் தொட்டியில் செய்த பாவனைப் பயணங்களையும் சேர்த்து, சுமார் 3,000 ஆனபோது உடல் கிழிந்தது. உலோகம் களைத்துப் போயிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. இரப்பர் மரத்தில் மங்கைத் தாங்கும் கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. அதே இடத்தில் முன்னும் பின்னுமாக இருபது முறை வளைத்தால் ஒடிந்துவிடும். மேலே ஏறும்போது விமானத்தின் உடல் உப்புகிறது. கீழே இறங்கும்போது சுருங்குகிறது. சன்னல் மூலைகளிலும் ஆணித் துளைகளிலும் அந்த அலுப்பு வந்து சேர்கிறது.

நோயே தெரியாமல் மருந்து கொடுத்த கதை இது. அந்த வல்லுநர்கள் மீது நான் அதிகக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் அறியாதவற்றை எவரும் அறிந்திருக்கவில்லை. நான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புவது வேறு கதை. அதில் நோய் தெரிந்திருந்தது. மருந்தும் தெரிந்திருந்தது. 'இதைச் சாப்பிட்டே தீரவேண்டும்' என்று சொல்லும் அதிகாரம் உடையவர்கள் அதைச் சொல்லாமல் விட்டார்கள்.

அந்தக் கதைக்குப் போகுமுன் ஒரு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு விமானத்தைக் கட்டிய நிறுவனம், விற்ற பிறகும் அதைப் பற்றிய செய்திகளைச் சேகரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கேனும் ஓர் ஆணி தளர்ந்தது, ஒரு குழாய் வெடித்தது என்று தெரிந்தால், அதே வகை விமானம் வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறது. இன்ன இடத்தைப் பாருங்கள், இன்ன பாகத்தை மாற்றுங்கள் என்று அதில் இருக்கும். ஆயினும் அது பெரும்பாலும் ஆலோசனைதான். வாங்கியவர் செய்யலாம், அடுத்த ஆண்டு செய்யலாம். அந்தக் குறை உயிருக்கு ஆபத்தானது என்றும், அதே வகையைச் சேர்ந்த மற்ற விமானங்களிலும் இருக்கக்கூடும் என்றும் அரசாங்கம் முடிவு செய்தால், அதைக் கட்டாயமாக்கி உத்தரவு பிறப்பிக்கும். அதற்கு எண் உண்டு, காலக்கெடு உண்டு, சட்டத்தின் பலம் உண்டு. இத்தனை பயணங்களுக்குள் சோதிக்க வேண்டும் என்று இருக்கலாம். அடுத்த முறை பறப்பதற்கு முன்பே பழுது பார்க்க வேண்டும் என்றும் இருக்கலாம். செய்யாத விமானம் சட்டப்படி பறக்கத் தகுதியற்றது. செய்து முடித்த நாள், செய்த முறை, செய்தவரின் கையொப்பம் எல்லாம் அந்த விமானத்தின் ஏட்டில் பதிவாக வேண்டும்.

ஒரு விமானத்தை எந்த நாடு வடிவமைத்ததோ அந்த நாடு உத்தரவைப் பிறப்பித்துத் தெரிவிப்பதும், அவ்விமானத்தைப் பதிவு செய்து வைத்திருக்கும் நாடுகள் அதன்மேல் நடவடிக்கை எடுப்பதும் அனைத்துலக ஒப்பந்தப்படி நடக்கின்றன. மலேசியாவில் இது முன்பு பொது விமானப் போக்குவரத்து இலாகாவின் பொறுப்பாக இருந்தது. 2018 முதல் அதற்கென ஓர் ஆணையம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இந்த வேற்றுமையை விளக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியர் மேசைக்கு வரும் தாள்களில் 'தங்கள் கவனத்திற்கு' என்று வருபவை எத்தனை, 'உடனடி நடவடிக்கைக்கு' என்று வருபவை எத்தனை, இரண்டும் எந்தக் கோப்புகளில் போய்ச் சேர்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

இனி அந்தக் கதவுக்கு வருவோம்.

1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மெக்டானல் டக்ளஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிசி-10 விமானம் முதன்முதலாகப் பறந்தது. மூன்று இயந்திரங்கள் கொண்ட அகன்ற விமானம். அதே வேளையில் லாக்ஹீட் நிறுவனமும் அதைப் போன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. யார் முதலில் விற்பது என்ற போட்டி. மற்ற விமானங்களில் பெரும்பாலான கதவுகள் நீர்த்தொட்டியின் அடித்துளையை உள்ளிருந்து அடைக்கும் அடைப்பைப் போன்றவை. உள்ளே அழுத்தம் கூடக்கூட அவை தம் சட்டத்தில் மேலும் இறுகும். பறக்கும்போது திறக்க நினைத்தாலும் முடியாது. டிசி-10இன் சரக்கறைக் கதவோ வெளிப்புறமாகத் திறப்பது. அப்படிச் செய்தால் சரக்குக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும். உள்ளழுத்தம் அந்தக் கதவை எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எனவே கொக்கிகள்தாம் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவற்றை ஒரு மின்சார மோட்டார் இயக்கியது. கொக்கிகள் முழுமையாக மாட்டிய பிறகு, வெளியே நிற்கும் தொழிலாளி ஒரு கைப்பிடியைக் கீழே இழுப்பார். அது பூட்டு ஊசிகளைத் தள்ளும். கூடவே ஒரு சிறு காற்றுத் துவாரத்தையும் மூடும். துவாரம் மூடியிருந்தால் கதவு பூட்டியிருக்கிறது என்று பொருள். அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை பொய் என்பது 1972 ஜூன் 12ஆம் நாள் வெளிப்பட்டது. டெட்ராய்ட் நகரில் சரக்கேற்றிய தொழிலாளிக்குக் கைப்பிடி கீழே இறங்கவில்லை. முழங்காலைக் கொடுத்து அழுத்தினார், இறங்கிவிட்டது. துவாரமும் ஏறக்குறைய மூடியது. உள்ளே கொக்கிகள் முழுமையாக மாட்டியிருக்கவில்லை. முழங்காலின் பலத்தில் உள்ளிருந்த தண்டுகள் வளைந்து கொடுத்திருந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அந்த விமானம் 67 பேருடன் கிளம்பி, கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேல் சுமார் 12,000 அடி உயரத்தை எட்டியபோது கதவு பிய்த்துக்கொண்டு போயிற்று. சரக்கறையின் காற்று நொடிப் பொழுதில் வெளியேறியது. மேலே பயணிகள் அறையில் காற்று நிரம்பியிருந்தது, கீழே ஒன்றுமில்லை. இடையிலிருந்த தளம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் பின்பகுதியில் கீழே சரிந்தது. விமானத்தின் வாலை இயக்கும் கம்பிகளெல்லாம் அந்தத் தளத்தின் வழியாகத்தான் ஓடுகின்றன. சில அறுந்தன, சில சிக்கின. விமானி பிரைஸ் மெக்கார்மிக், இந்தப் புதிய விமானத்தின் கம்பிகள் செயலிழந்தால் இயந்திரங்களை மட்டும் கொண்டு எப்படித் திருப்புவது என்று பயிற்சிக் கூடத்தில் முன்னரே தாமாகப் பழகிப் பார்த்தவர். அவர் டெட்ராய்ட்டிலேயே இறக்கினார். ஒருவரும் சாகவில்லை.

ஒருவரும் சாகாததே பிறகு வினையாயிற்றோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விபத்தை ஆராய்ந்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு மாதத்திற்குள் இரண்டு பரிந்துரைகளை அனுப்பியது. ஒன்று, பூட்டு ஊசிகள் முழுமையாக உள்ளே போகாவிட்டால் கைப்பிடியை மூடவே முடியாதபடி கதவை மாற்றுங்கள். இரண்டு, பயணிகள் தளத்தில் காற்று வழிகள் வையுங்கள். கதவு போனாலும் தளம் சரியாது. இரண்டும் தெளிவானவை. விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் மேற்குப் பிராந்திய அலுவலகத்தில் கட்டாய உத்தரவு ஒன்றும் எழுதித் தயாராக இருந்தது. அதற்குள் நிர்வாகத்தின் தலைவர் ஜான் ஷாஃபரும் டக்ளஸ் பிரிவின் தலைவர் ஜாக்சன் மெக்கோவனும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். உத்தரவு வேண்டியதில்லை, நிறுவனமே சுற்றறிக்கை அனுப்பிச் சரிசெய்துவிடும் என்று ஓர் இணக்கம் ஏற்பட்டது. கனவான்களின் ஒப்பந்தம் என்று பின்னாளில் அதற்குப் பெயர் வந்தது. எழுதிய உத்தரவு வெளிவரவில்லை.

உத்தரவு வெளிவந்தால் உலகம் முழுவதும் தெரியும், புதிய விமானத்தின் பெயர் கெடும், விற்பனை பாதிக்கப்படும். இவையெல்லாம் வியாபாரக் கவலைகள். வியாபாரிக்கு அவை இருப்பது இயல்பே. தோட்டத்து ஆலைகளில் கொதிகலனைச் சோதிக்கப் பரிசோதகர் வருகிறார். அவருடைய சான்றிதழ் இல்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது. ஆலையின் உற்பத்தி நின்றுபோகுமே என்று ஆலை மேலாளர் கவலைப்படட்டும். பரிசோதகரும் அந்தக் கவலையைப் படத் தொடங்கினால் அவர் அங்கே எதற்கு?

சுற்றறிக்கைகள் போயின. கதவில் ஓர் அங்குல அளவுக்கு ஒரு கண்ணாடித் துளை வைத்து, பூட்டு ஊசி சரியாக இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கலாம் என்றது ஒன்று. வளைந்து கொடுத்த தண்டுக்கு ஒரு முட்டுத் தகடு பொருத்தி, ஊசிகளின் அளவைத் திருத்தலாம் என்றது மற்றொன்று. தளத்தின் காற்று வழிகளைப் பற்றிய பேச்சே இல்லை. இதே நாட்களில், 1972 ஜூன் 27ஆம் நாள், டிசி-10இன் உடற்பகுதியைக் கட்டிய கான்வேர் நிறுவனத்தின் மூத்த பொறியாளர் டேன் ஆப்பிள்கேட் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இந்தச் சில்லறை மாற்றங்கள் போதா. வருங்காலத்தில் எப்போதாவது கதவு திறந்துகொள்ளும், அப்போது விமானமே அழியும் என்பது அதன் சாரம். மேலிடத்தில் அவர் சொன்னது தவறு என்று யாரும் மறுக்கவில்லை. மாற்றங்களைக் கேட்டால் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் அந்தக் குறிப்பு நின்றுபோயிற்று.

அந்த வேளையில் கலிபோர்னியாவின் லாங் பீச் தொழிற்சாலையில் 29ஆம் எண் விமானம் நின்றது. அதன் ஏட்டில், சுற்றறிக்கைப்படி கதவைத் திருத்தியாயிற்று என்று பரிசோதகர்களின் முத்திரைகள் குத்தப்பட்டிருந்தன. உண்மையில் முட்டுத் தகடு பொருத்தப்படவில்லை. 1972 டிசம்பரில் அந்த விமானம் துருக்கி விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

1974 மார்ச் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இஸ்தான்புல்லிலிருந்து வந்த அந்த விமானம் பாரிசின் ஓர்லி நிலையத்தில் நின்றது. பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் வேலைநிறுத்தம். இலண்டன் போக முடியாமல் காத்திருந்த பலர் இதில் இடம் பிடித்தனர். கதவை மூடிய தொழிலாளிக்குக் கைப்பிடி தடையில்லாமல் இறங்கியது. கண்ணாடித் துளையைப் பற்றிய எச்சரிக்கை ஆங்கிலத்திலும் துருக்கி மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. அவருக்கு அந்த இரண்டு மொழிகளும் படிக்கத் தெரியாது. துளை வழியாகப் பார்க்க வேண்டியது அவருடைய வேலையென்று அவருக்குச் சொல்லப்படவும் இல்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. விமானம் கிளம்பிப் பத்து நிமிடங்களில், ஏறத்தாழ விண்ட்சரில் நடந்த அதே உயரத்தில், கதவு பறந்தது. தளம் சரிந்தது, ஆறு பயணிகள் இருக்கைகளோடு வெளியே வீசப்பட்டனர், இம்முறை வாலின் கம்பிகள் எவையும் எஞ்சவில்லை. 77 விநாடிகளில் எர்மெனோன்வில் காட்டில் மோதியது. 346 பேர் இறந்தனர். அதுவரை உலகம் கண்ட விமான விபத்துகளில் அதுவே மிகக் கொடியது.

ஒரு சில நாட்களுக்குள் கட்டாய உத்தரவு வந்தது. இருபது மாதங்களாக வராத உத்தரவு. தொலைபேசி இணக்கத்தின் விவரங்கள் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைகளில் வெளிவந்தன. 1975இல், டிசி-10 மட்டுமின்றி எல்லா அகன்ற விமானங்களின் தளங்களையும் பலப்படுத்திக் காற்று வழிகள் வைக்க வேண்டுமென்று இன்னோர் உத்தரவு வந்தது. 1976இல் மலேசிய விமான நிறுவனம் டிசி-10 விமானங்களைச் சேவையில் ஈடுபடுத்தியபோது, கொக்கி மாட்டாமல் கைப்பிடி மூடுகிற பழைய ஏற்பாடு சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. நம்மவர்கள் பலர் அவற்றில் ஏறிச் சென்றிருக்கிறார்கள். கீழே இருந்த கதவைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் உத்தரவு வந்துவிட்டால் போதுமா என்று நேயர்கள் கேட்கலாம். உத்தரவு எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1988 ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் முன்புறக் கூரை, சுமார் 18 அடி நீளத்திற்கு, 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போயிற்று. பயணிகள் திறந்த வானத்தின் கீழ் அமர்ந்திருந்தனர். ஒரு விமானப் பணிப்பெண் காற்றோடு போய்விட்டார். மற்ற 94 பேரையும் விமானிகள் மாவுய் தீவில் உயிரோடு இறக்கியது பெரும் சாதனை. 1969இல் கட்டப்பட்ட அந்த விமானம் 89,680 முறை பறந்திருந்தது. தீவுக்குத் தீவு சின்னஞ்சிறு பயணங்கள். ஒவ்வொரு பயணமும் கம்பியை ஒருமுறை வளைப்பதற்குச் சமம். போதாக்குறைக்குக் கடலின் உப்புக் காற்று.

உடலின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இணைப்புகளில் விரிசல் வருகிறது என்று போயிங் முன்பே அறிந்து, 1987இல் எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. எல்லா இணைப்புகளையும் சோதிக்கச் சொன்னது அது. அதே ஆண்டில் அரசாங்கம் பிறப்பித்த கட்டாய உத்தரவோ, மேற்புறத்தில் இடமும் வலமும் ஓடும் இரண்டு இணைப்புகளை மட்டுமே குறிப்பிட்டது. இங்கே சுற்றறிக்கை உத்தரவை விட நீண்டதாக இருந்தது! விசாரணை வாரியம் விமான நிறுவனத்தின் பராமரிப்பைக் குறை கூறியதோடு, உத்தரவைக் குறுக்கிய நிர்வாகத்தையும் குறை கூறியது.

சோதிப்பவர்களைப் பற்றி அந்த வாரியம் எழுதியதை நான் மறக்க முடிவதில்லை. பகலில் விமானம் பறக்க வேண்டும். ஆகவே சோதனை இரவில். சாரத்தின்மேல் ஏறி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தொள்ளாயிரம் ஆணிகளில் ஒன்றுமில்லை என்று கண்ட கண், அடுத்த ஆணியிலும் ஒன்றுமில்லை என்றே காணும். முந்நூறு தேர்வுத் தாள்களைத் திருத்தியவர்களுக்கு இது புரியும். விபத்தன்று விமானத்தில் ஏறும்போதே ஒரு பெண் பயணி கதவருகே ஒரு விரிசலைக் கண்டார். பெரிய நிறுவனம், அவர்களுக்குத் தெரியாதா என்று எண்ணினாரோ என்னவோ, யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஆண்டுகளில் முதுமை அடைந்த விமானங்களுக்கான உத்தரவுகளின் தன்மையே மாறியது. விரிசல் தெரிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார் என்பதோடு அவை நிற்கவில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பறந்து முடித்த விமானத்தில், விரிசல் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், குறிப்பிட்ட இணைப்புகளின் ஆணிகளைக் கழற்றி வேறு ஆணிகளைப் போடவேண்டும் என்று ஆணையிட்டன.